காதுக்குள் போன தீக்குச்சி

கண்டியிலுள்ள கல்லூரியொன்றில் முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் பகுதி மதுவிலக்குச் சங்கத்தின் தலைவரும் நானே.

கம்பளையில் சங்கக் கூட்டமொன்றில் பேசுவதற்காக, ஒருநாள் காலை குட்செட் பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். காது அரித்தது. வழக்கம்போல் தீக்குச்சியால் குடைந்தேன். பஸ் வந்ததும் முண்டியடித்த கூட்டத்தில் யாரோ என் முழங்கையில் இடித்துவிட்டார். சுரீரென்று வலித்தது; நிலையமே சுழன்றது. தள்ளாடி விழுந்து வாந்தியெடுத்தேன்.

“ஐயா காலையிலேயே போட்டுட்டாரு!” என்று கண்டக்டர் சிரித்தார்.

“அட, நம்ம மதுவிலக்குத் தலைவருங்க!” என்றார் பயணி ஒருவர். காதைப் பொத்தியபடி தட்டுத்தடுமாறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

செவிப்பறை கிழிந்து, அதிர்ச்சி உட்செவி வரை சென்றிருப்பதாக வைத்தியர் கூறினார். உடலின் சமநிலையைப் பேணுவது உட்செவியின் அரைவட்டக் கால்வாய்களே என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான்!

செவிப்பறை ஆறிவிட்டது. ஆயினும் கடைத்தெருவில் எவர் சிரித்தாலும் திரும்பிப் பார்க்கிறேன். இப்போது காதினுள் எதையும் விடுவதில்லை. அழுக்கு அடைத்தால் வைத்தியரிடமே செல்கிறேன்.

அன்று காலை நான் அருந்தியது ஒரு கோப்பை பிளேன்டீ மட்டுமே.