ரஃப் எல்லாம் எங்கப்பா?

இந்த வாரப் பத்திக்காக என் கிறுக்கலைப் படித்து டைப் அடிக்கும் பத்திரிகை அலுவலகத் தம்பிகளும், தப்பி வரும் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் வாசகர்களான நீங்களும் மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது. முன்பு கிராஃப் தாளில், இப்போது கம்ப்யூட்டரில்.

என் மகள் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க, தன் டிசைன்களை அதே கம்ப்யூட்டரில் தொகுத்துக்கொண்டிருந்தாள். போர்ட்ஃபோலியோவாம். அனுப்ப மூன்று நாள்தான் பாக்கி. அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், உதவலாமே என்று உட்கார்ந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். டிசைன் தறிக்குப் போனதும், அதற்கு முன் போட்டுப் பார்த்த ரஃப் வரைவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். யார் கண்ணிலாவது பட்டால், மறுவாரமே சின்ன காஞ்சிபுரம் முழுக்க அதே புடவை ஓடும். அந்தப் பழக்கத்தில், அவள் முடித்து வைத்திருந்த பன்னிரண்டை மட்டும் விட்டு, மற்றதை அழித்தேன். திரும்ப எடுக்க முடியாதபடி... சுத்தமாக!

மாலை வந்தாள்.

"ரஃப் எல்லாம் எங்கப்பா?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நல்லா வந்தத மட்டும் பாக்க மாட்டாங்கப்பா. எப்படி நல்லா வந்துச்சின்னுதான் பாப்பாங்க. ரஃப் இல்லாம அனுப்பி பிரயோஜனமே இல்ல."

எனக்கு வார்த்தை வரவில்லை. எப்போதுதான் வந்தது? நேரில் கேட்டால் 'நல்லா இருக்குது' என்று நழுவிவிடுவேன் என்பதால், ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒவ்வொரு ரஃப்பையும் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவாள்...

வாட்ஸ்அப்!

போனை நீட்டினேன். அத்தனையும் இருந்தன. என் போனை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவைத்திருந்தேன். படங்களுக்குக் கீழே என் பதில்கள். 'மயில் கழுத்துல நூல் நீளமா மிதக்குது. கட்டறவங்க வளையல்ல மாட்டும்.' அடுத்த படத்தில் அந்தக் கழுத்து சரியாகியிருந்தது.

பதில்களோடு சேர்த்தே படம் பிடித்தாள்.

"நான் எழுதனத எடுத்துடும்மா. சிரிக்கப் போறாங்க."

"சும்மா இருப்பா. அதுதான் முக்கியம்."

நேர்காணலில், இதையெல்லாம் எழுதியது யார் என்று கேட்டார்களாம்.

"எங்கப்பா, டிசைனர்னு சொன்னேன்" என்றாள், சாதத்தைப் பிசைந்துகொண்டே.

முப்பது வருடமாக இதே வேலை. யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. நானும்தான்.

இடம் கிடைத்துவிட்டது. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் — நேரில் எனக்கு முடிகிற காரியமா? அவள் படிக்கட்டும் என்று மூன்று வாரமாக இந்தப் பத்திக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். இந்தத் தாளை மட்டும் கிழிக்கவில்லை. அடித்தல் திருத்தலோடு அப்படியே அனுப்புகிறேன்.

ஆவணி, முதல் வெள்ளிக்கிழமை.