புண் என்று சொன்ன ஏழு வருஷம்

என் கணவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். அது அவருக்கே தெரியவில்லை. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் கழன்று விழுந்த இன்னொரு செருப்பைக் கையில் பிடித்தபடி ஒரு ரிக்‌ஷாக்காரர் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

"இன்னா நைனா, கூவிக்கினே வரேன், நீ பாட்டுக்குப் போய்க்கினே கீறே. காலு மரத்துப்போச்சா?"

என் கணவர் சிரித்தார். அது திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தேன்.

1968இல் அவருக்கு இரைப்பையில் புற்றுநோய். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை அவருக்கு. சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது என்றார், சட்டை தொளதொளத்தது. பேரியம் எக்ஸ்ரே (வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எடுக்கும் படம்) எடுத்த பிறகு, டாக்டர் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னையும் என் அண்ணனையும் உள்ளே கூப்பிட்டார்.

"அவர்கிட்ட அல்சர்னே சொல்லுங்க. தைரியம் போயிடக் கூடாது."

அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். நோயாளியைத் தவிர எல்லோருக்கும் நோயின் பெயர் தெரியும்.

இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு தைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இட்லியில் பாதி, இரண்டு மணி நேரம் கழித்து மீதிப் பாதி என்று சாப்பிடப் பழகினார். ஆயுசு முழுக்க மாதம் ஒரு சிவப்பு ஊசி (பி12 வைட்டமின், இரைப்பை குறைந்துவிட்டால் சாப்பாட்டிலிருந்து உடம்பில் சேராது) போட வேண்டும் என்றார்கள்.

இரண்டு வருஷம் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாள், "புண்ணுதான் ஆறிட்டே, இன்னும் என்னத்துக்கு ஊசி?" என்றார். புண் என்று சொன்னதே நான்தான். அதற்கு மேல் வற்புறுத்தினால் அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்துவிடும். சும்மா இருந்தேன். ஊசியை விட்டாலே குணமானதாகத்தானே அர்த்தம் என்று என்னையும் நம்பவைத்துக்கொண்டேன். ஆனால் அவர் ஒரு ஏப்பம் விட்டால்கூட எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

செருப்பு விழுந்த மறுநாளே அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயசுப் பெண். பழைய ஆபரேஷன் சீட்டை அவர் பார்க்காதபோது மேசைமேல் நகர்த்தி வைத்தேன். அந்தப் பெண், அதிரும் இரும்புக் கவை ஒன்றை அவர் கால் பெருவிரலில் வைத்து, "அதிருதா?" என்றாள். இல்லை என்றார். கண்ணை மூடி நிற்கச் சொன்னாள். அப்படியே சாய்ந்தார், நான் தாங்கிப் பிடித்தேன். பிறகு சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கேன்சர் ஆபரேஷன் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. "ஏழு வருசம்" என்று அவர்தான் பதில் சொன்னார்.

ரத்தப் பரிசோதனையும் மறுபடி ஒரு பேரியம் எக்ஸ்ரேயும் எடுத்த பிறகு, புற்றுநோய் திரும்பவில்லை, ஊசியை விட்டதால் நரம்பு கெட்டிருக்கிறது என்றாள். ஊசி மறுபடி தொடங்கியது. சில மாதங்களில் நடை சீரானது. பாதத்தில் மதமதப்பு மட்டும் தங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது நோயின் பெயரை மறைத்திருந்தால், மருந்தை ஏன் விடக்கூடாது என்பதையும் சேர்த்தே மறைத்திருக்கிறீர்கள். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயந்தார். அரை இட்லியையும் பாதியில் வைத்தார். ஆணியில் மாட்டிய கண்ணாடிமுன் நாக்கை நீட்டிப் பார்த்தார். கடையில் சேலையை விரித்துவிட்டு, விலை சொல்ல மறந்து நின்றாராம். மறைக்க இனி ஒன்றும் இல்லாத எனக்கோ அநியாயத்துக்குத் தூக்கம் வந்தது. வெட்கமாக இருந்தது.

ஒரு காலையில் காப்பியை ஆற்றிக் கொடுத்தேன். வாங்காமல் கேட்டார்.

"ஏட்டி, ஏழு வருசமும் உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்துச் சட்டைக்குள் கொண்டுபோய்த் தன் வயிற்றுத் தழும்பின்மேல் வைத்துக்கொண்டார். வழவழவென்று, வெதுவெதுப்பாக இருந்தது. அத்தனை வருஷத்தில் பயத்தால் நான் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை.