தாமிரம் இல்லை, இரும்பு

ஈரல் துண்டின் மேல் பெராக்சைடை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். ஈரலிலுள்ள நொதி செய்கிற அந்த வேலையை, பாலிமர் கூழ்மத்தில் தாமிர அயனியை ஏற்றிச் செய்ய வைப்பதுதான் அற்புதமணியின் ஆராய்ச்சி. தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் அவள் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டர். மாப்பிள்ளையூரணியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள்.

1973 கோடையில் செய்த முதல் கூழ்மம் கண்ணெதிரே பொங்கியது. அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் அருமைநாயகம், அதை வைத்து மூன்று கட்டுரைகள் எழுதினார். அதற்குப் பிறகு செய்த எதுவும் அப்படிப் பொங்கவில்லை. நாலு வருஷம் அவள் அதே கூழ்மத்தைத் திரும்பத் திரும்பச் செய்தாள். அது வந்தால்தான் முனைவர் பட்டம், பட்டம் வந்தால்தான் விரிவுரையாளர் வேலை.

ஒருநாள் குடுவை கழுவிக்கொண்டிருந்த அட்டெண்டர் பேச்சிமுத்து பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தக் கோடையில காய்ச்சி வடிச்ச வாலைத்தண்ணி ஏது டீச்சர்? அடிபம்புத் தண்ணியிலதான எல்லாத்தையும் களுவுனோம்."

துருப்பிடித்த இரும்புப் பம்பு அது. தாமிரமே சேர்க்காத கூழ்மத்தை அந்தத் தண்ணீரில் ஊறவைத்து, பெராக்சைடை ஊற்றினாள். பொங்கி வழிந்தது. மறுபடியும் செய்து பார்த்தாள். அதேதான்.

முடிவை எழுதிய நோட்டைப் பேராசிரியரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு அதை மூடி அவள் பக்கம் தள்ளினார்.

"மூணு கட்டுரை போயாச்சும்மா. இப்பப் போயி தாமிரம் இல்ல, இரும்புன்னா சிரிக்க மாட்டானுவளா? பழைய அட்டவணையையே போட்டு ஆய்வேட்டை எழுது. இன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்."

"பொங்குறது இரும்பு சார். தாமிரம்னு நான் எப்படி எழுத?"

"அப்ப எங்கிட்ட கையெழுத்து கேக்காத."

வேறு வழிகாட்டியிடம் போகவும் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். அதை அவர் கடைசிவரை தரவில்லை.

வீட்டில் அம்மா கேட்டாள்: "ஏளா, அவரு சொன்னதை எழுதிக் குடுத்தா என்ன கொறஞ்சு போவும்?"  அற்புதமணி அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

1979-இல் அவர் ஓய்வுபெற்றபோது அவளுடைய பதிவுக்காலம் முடிந்திருந்தது. புதிதாகப் பதிய வயது தாண்டிவிட்டது என்றார்கள். அதே ஆய்வகத்தில், அதே டெமான்ஸ்ட்ரேட்டராகவே இருந்தாள். அவளிடம் படித்தவர்கள் இருவர் அவளுக்கு மேலதிகாரிகளாக வந்தார்கள். பொங்கியது இரும்பு என்று எழுதிய அந்த நோட்டை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை.