அப்பாவின் இரண்டு மார்புப் படங்கள்

காலை பதினொன்றே கால் மணி. சேலத்தில் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். என் கண்ணில் முதலில் பட்டது, அப்பாவின் நுரையீரல்களில் படர்ந்திருந்த வெண்மை.

மலைமேல் மஞ்சக்குட்டை கிராமத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, முப்பத்தோரு ஆண்டுகள் காபி எஸ்டேட்டில் எடைக்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர் அப்பா. மழையில் நனைந்த காபிப் பழத்துக்கு ஈரத்தின் எடையைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார். இரு சிறுநீரகங்களும் பழுதான பின், வாரம் இருமுறை டயாலிசிஸுக்காகச் சேலத்துக்கு மலையிறங்கி வந்தார். இருமலும் மூச்சிரைப்பும் புதிதாகச் சேர்ந்திருந்தன.

"காசநோயா இருக்கலாமுங்க" என்ற டாக்டர் மாத்திரை எழுதினார். சத்தான ஆகாரம் கொடுக்கச் சொன்னார்.

அப்பா அன்றே கட்டிலைக் காபிக்கொட்டை அறைக்கு மாற்றிக்கொண்டார். மற்ற நோயாளிகளுக்கு ஒட்டிவிடும் என்று டயாலிசிஸுக்கும் போக மறுத்தார். என் மகள் எட்டிப் பார்த்தால், "அங்கயே நில்லு கண்ணு" என்பார். அம்மா பாலும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்தார். அறையிலிருந்த எடைமேடையில் அப்பா தினமும் ஏறி நின்று எடையைக் குறித்தார்.

"ஏனுங்க, நாலு கிலோ கூடிட்டீங்க! சூப்பு ஒடம்புல ஒட்டுது" என்று அம்மா மகிழ்ந்தார். நாங்களும் மகிழ்ந்தோம்.

ஒன்பதாம் நாள் அப்பாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். ஜீப்பில் கொண்டு போனோம். டயாலிசிஸ் நர்ஸ் அப்பாவின் எடைக் குறிப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது சதை இல்லீங்கய்யா, தண்ணி. ஒடம்புல தேங்கி நெஞ்சுக்கு ஏறியிருக்குது."

அடுத்தடுத்து இரண்டு டயாலிசிஸ். மறுபடி ஒரு படம். அதைப் பார்த்து அம்மா அலறினார்: "வெள்ளையா இருந்த நெஞ்சு கறுத்துப்போச்சுங்களே!"

"கறுப்புன்னா காத்துங்கம்மா. அதுதான் நல்லது" என்றார் நர்ஸ்.

"காபியிலயே காலம் தள்ளினவன் நெஞ்சு வேறெப்படி இருக்கும்?" என்றார் அப்பா. பிறகு என்னிடம் மெதுவாக, "நனைஞ்ச பழத்துக்குக் கழிச்சேன் கண்ணு, எனக்குக் கழிக்கலை" என்றார்.

"அப்படியானால் காசநோய் இல்லையா?" என்று டாக்டரைக் கேட்டேன். சளியில் கிருமி இல்லை, ஆனால் அதை மட்டும் வைத்து இல்லையென்று சொல்லிவிட முடியாது, மாத்திரை தொடரட்டும் என்றார். நீர் வடிந்ததால் வெண்மை போனதா, மாத்திரையாலும் கொஞ்சம் போனதா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அதன்பின் அப்பா எட்டு மாதம் இருந்தார். விடியற்காலையில் ஒண்டிக்கடைச் சந்திப்பில் ஜீப்போடு காத்து நின்ற டிரைவர் அண்ணனுக்கும், அந்த நர்ஸம்மாவுக்கும், தோள் கொடுத்த எஸ்டேட் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

அப்பாவின் கட்டில் கடைசிவரை காபிக்கொட்டை அறையில்தான் இருந்தது.