கோழிக்கூண்டிலிருந்து மீட்ட ஆம்புலன்ஸ்

வருடக்கணக்காக நின்ற வண்டியைப் பற்றிப் பேச கராஜுக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் சொல்வது ஒரே வசனம்தான்: "நிப்பாட்டும்போது நல்லாத்தான் இருந்துச்சு." இருந்திருக்கலாம். அதன் பிறகு எத்தனை மழைக்காலம் போனது, எலி எந்த வயரைக் கடித்தது என்பதெல்லாம் அவர்கள் யோசனையில் வருவதில்லை. வண்டியை நிறுத்தினால் காலமும் அதோடு நின்றுவிடும் என்று நம்புகிறார்கள்.

கொட்டகலை மெயின் ரோட்டில் ஒரு கராஜின் கவுண்டரில் வேலை செய்கிறேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து கெம்பஸ் போன முதல் ஆள் நான், கலைப் பட்டதாரி. ஆசிரியர் நியமனம் வரும்வரை என்று சொல்லிக்கொண்டு இங்கே சேர்ந்தேன். நியமனம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. போன் எடுப்பது, சாமான் ஓர்டர் செய்வது, மெக்கானிக் சுனில் பாஸ் எரிச்சலில் சொல்வதை மரியாதையான வார்த்தைகளாக்கி வாடிக்கையாளரிடம் சொல்வது, அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. யாரோ செய்த தவறுக்கு நீங்களும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று "சொரி சேர்" சொல்லியிருந்தால் நாம் ஒரே கட்சி.

புது வாகனம் வாங்குவது நினைத்துப் பார்க்க முடியாத காரியமான பிறகு, கொட்டிலில் கிடந்ததையெல்லாம் மக்கள் தட்டி எழுப்பத் தொடங்கினார்கள். அப்படி எழுப்பிய பல வண்டிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது எங்கள் தோட்டத்து ஆம்புலன்ஸ். முதல் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. என் அண்ணி ராணி சொல்லக் கேட்டது. அண்ணி கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை, இருந்தாலும் காதால் கேட்டதைக் கண்ணால் கண்டதாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

கொழுந்துக்கு முதலிடம்

மஸ்கெலியாவிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில், மேலே ஏறிப் போகும் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. ஒரு நாள் காலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது. அண்ணி கடைசி நிரையில் நின்றதால் ஓடித் தப்பினார். வயிற்றில் பிள்ளை இருப்பது அப்போதுதான் தெரிந்திருந்தது. மற்றவர்களின் முகம் வீங்கிக் கண் மூடிப்போனது. தோட்டத்துக்கு ஆம்புலன்ஸ் இருந்தது, ஆனால் பழைய டிரைவர் பென்ஷன் போன நாளிலிருந்து அது ஃபெக்டரிக்குப் பின்னால் நின்றது. புது டிரைவரைப் போடுவதற்கு ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே கொட்டு வாங்கியவர்களைக் கொழுந்து லொறியில், கொழுந்துச் சாக்குகளின் மேல் ஏற்றினார்கள். அவர்களைப் பிடித்துக்கொள்ள அண்ணியும் ஏறினார். லொறி ஆஸ்பத்திரிப் பாதையில் நேரே போகாமல் ஃபெக்டரி வாசலில் திரும்பியது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாதான் திருப்பச் சொன்னாராம். பெண்கள் மேலே இருந்து சத்தம் போட்டபோது அவர் சொன்னதை அண்ணி இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்: "வழியிலதானே ஃபெக்டரி, கொழுந்த எறக்கிட்டுப் போயிருவோம், வெயில்ல வாடிரும்."

குடியிருந்தவர்கள்

அந்தக் கோபத்தில் மறுநாள் ஒருவரும் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எங்கள் கராஜுக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸை ஓட வைக்க வேண்டும், செலவு தோட்டத்தினுடையது என்றார். நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளை என்பதால் முதலாளி என்னையும் சுனில் பாஸோடு அனுப்பினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வண்டி ஓடாவிட்டால் ஊரில் முகம் காட்ட முடியாதே. அதோடு, எங்கள் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை வளைவு இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கு நாள் நெருங்குவதற்குள் இது ஓட வேண்டும் என்று அன்றே மனதில் போட்டுக்கொண்டேன்.

பின் கதவைத் திறந்தோம். உள்ளே ஒரு கோழிப்பண்ணை. ஸ்ட்ரெச்சரில் வைக்கோல் பரப்பி நான்கு கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. ஒட்சிசன் சிலிண்டர் வைக்கும் வளையத்தில் சேவல் நின்றது. ஃபெக்டரி வாச்சர் முனியாண்டி அண்ணனின் சொத்து. இரவில் நரி வருகிறதாம், இவ்வளவு பத்திரமான கூண்டு தோட்டத்தில் வேறு எங்கும் இல்லையாம். சுனில் பாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்னைத் தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, "மல்லி, இவங்க வண்டிய பார்க் பண்ணல்ல, பொதச்சிருக்காங்க" என்றார். வண்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், கோழிகளை அப்புறப்படுத்துங்கள் என்று நான் பணிவாகக் கேட்டேன். முனியாண்டி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாராளமா எடுத்துக்கங்க தம்பி. ஆனா கோழிக்கு என்ன ஏற்பாடுன்னு தொரைகிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

ஓடாத வண்டியின் பிரேக்

எல்லாருக்கும் நோய் என்னவென்று தெரிந்திருந்தது. தோட்டத்து ஒஃபீசின் பெரிய கிளாக்கர் பேட்டரி மட்டும்தான் என்றார். கண்டாக்கு ஐயா டீசல் ஊற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டார். டாங்கியில் இருந்த பழைய டீசல் கஷாயம்போல் கறுத்து அடியில் படிந்திருந்தது. இதே வழியில் யோசிக்கிற இன்னொருவர் அதன் மேலேயே புது டீசலை ஊற்றியும் வைத்திருந்தார். அவர் யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பாஸ் டாங்கியைக் கழற்றிக் கழுவினார். சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, இஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மழை தூறினால் போதும், டீ குடிக்கப் போய்விடுவார். எங்கள் மலையில் மழை தூறாத நாள் எது?

உண்மையான கோளாறு சக்கரத்தில் இருந்தது. மலையில் வண்டி நிறுத்துகிறவர்கள் சக்கரத்துக்குக் கல் வைத்தாலும் ஹேண்ட் பிரேக்கையும் தோள் வலிக்கும்வரை இழுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். பழைய டிரைவரும் அப்படியே இழுத்துவிட்டுப் பென்ஷன் போயிருந்தார். மூடுபனியின் ஈரத்தில் பிரேக் கட்டைகள் டிரம்மோடு ஒட்டித் துருவாகி, இரண்டும் ஒரே இரும்பாகிவிட்டன. சுத்தியலால் தட்டித்தான் பிரித்தோம். பிரேக் எண்ணெய் போகும் சிலிண்டர்களும் போயிருந்தன, கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும். இதைத் துரையிடம் சொல்வதற்கு வாக்கியங்களை மனதில் அடுக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். அவர் முழுவதையும் கேட்டார். நான் அவரை ஏமாற்ற வந்ததுபோல் சிரித்துவிட்டுச் சொன்னார்: "வண்டி ஓடவே இல்லதானே. ஓடாத வண்டிக்கு பிரேக் எப்படி பழுதாகும்?"

பள்ளம் இருக்கப் பயமேன்

சாமான் வருவதற்குள் இஞ்சினை உயிர்ப்பித்துவிட்டோம். லொறி பேட்டரியிலிருந்து வயர் கொடுத்ததும் ஒரு பெரிய இருமல், கறுப்புப் புகை, பிறகு ஒழுங்கான சத்தம். அதுதான் நாங்கள் செய்த பிழை. சத்தம் லயம்வரை கேட்டுவிட்டது. சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். பிரேக் இல்லை, யாரும் தொடக்கூடாது என்று வாச்சரிடம், கிளாக்கரிடம், தோட்டத் தலைவரிடம் தனித்தனியாகச் சொன்னேன். தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர். பெயர் வேண்டாம், எங்கள் தோட்டத்தில் தலைவர் என்றால் அவர் ஒருவர்தான். அவர் என் தோளைத் தட்டி, "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நான் நம்பி பஸ் ஏறினேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேட்டரிக்குப் பலம் இல்லையென்றால் கவலையே படமாட்டார்கள். இறக்கத்தில் உருட்டிவிட்டு கியரைப் போட்டால் எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகும். பள்ளம் இருக்கிற ஊரில் செல்ஃப் எதற்கு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம் இருக்கும்போதே ஆம்புலன்ஸைக் காட்டிவிட வேண்டும் என்று தலைவருக்குத் தோன்றியது. கல்லை எடுத்தார்கள், தள்ளினார்கள், அவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஸ்டார்ட் ஆனது. கைதட்டினார்கள். நிறுத்த வேண்டிய இடம் வந்தபோது நிற்கவில்லை. கோயில் வாசலைத் தாண்டி, ரோட்டை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து, நான்காவது நிரையில் சிக்கி நின்றது. தெய்வாதீனமாக ஒருவருக்கும் அடிபடவில்லை. போன் வந்து நான் அலறிப் புடைத்துக்கொண்டு போனபோது தலைவர் செடிக்குள்ளிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். "பிரேக் இல்லன்னு சொன்னேனே தலைவரே" என்றேன். அவர் அமைதியாகத் திருப்பிக் கேட்டார்: "ஸ்டார்ட் ஆச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு."

திறப்பு விழா

பிரேக் சாமான் வந்தது, பூட்டினோம். நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினோம். நானே பக்கத்தில் உட்கார்ந்து, சுனில் பாஸ் ஓட்ட, மஸ்கெலியாவரை போய்த் திரும்பினோம். ஒவ்வொரு வளைவிலும் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை என் கால் மிதித்துக்கொண்டே வந்தது. ஆனால் வண்டி அருமையாக நின்றது. அன்றைக்கே ஓட விட்டிருக்கலாம். திறந்து வைக்காத வண்டியில் நோயாளியை ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

விழாவுக்கு நாள் பார்க்கவே வாரக்கணக்கு ஆனது. அண்ணியின் வயிறு வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் பூசாரி தேங்காய் உடைத்து நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஃபாதர் வந்து ஜெபம் செய்து தீர்த்தம் தெளித்தார். துரை பேசினார். தலைவர் அதைவிட நீளமாகப் பேசினார். முன் ஆசனத்தில் யார் உட்காருவது என்று இருவரும் மரியாதையாக முறைத்துக்கொண்டார்கள், முடிவில் இருவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நோயாளி படுக்கும் இடத்தில் மாலைகளை வைத்தார்கள்.

ஆம்புலன்ஸை எப்படிக் கூப்பிடுவது என்பதைப் பெரிய கிளாக்கர் ஒலிபெருக்கியில் விளக்கினார். டிஸ்பென்சரி ஐயா அவசரம் என்று சொல்ல வேண்டும். துரை சம்மதிக்க வேண்டும். புதிதாகப் போட்ட டிரைவர் ஒஃபீசில் சாவி வாங்க வேண்டும். சாவி சில வேளை தலைவரிடமும் இருக்கும். கூட்டத்தில் பக்கத்தில் நின்ற அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, எனக்கு வலி வந்தா மொதல்ல இதுல யாருக்கு சொல்லணும்?"

பாதை விடுங்கள்

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் தலைவர் பேசியதை ஒருவர் கராஜுக்கு வந்து சொன்னார். "ஒங்க அண்ணிய நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் தாயையும் புள்ளையையும் காப்பாத்துனது அந்த ஆம்புலன்ஸ்தானாமே, தலைவர் மேடையில சொன்னாரு." சுனில் பாஸ் உடனே எல்லாருக்கும் டீ சொன்னார். அண்ணிக்கு வலி வந்த அன்று நான் கராஜில் இருந்தேன். பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று அண்ணன் போனில் சொன்னதோடு சரி, எதில் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் டீயைக் குடிப்பது சரியில்லை என்று பட்டது. அன்று மாலையே பஸ் ஏறினேன்.

அண்ணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தார். டிஸ்பென்சரி ஐயா அவசரம் என்று சொன்னாராம். துரையும் சரி என்றாராம். ஒஃபீசில் சாவி மட்டும் இல்லையாம், வண்டியும் இல்லையாம். அண்ணன் கீழ் லயத்து ஆட்டோவைப் பிடித்திருக்கிறார். குறுகலான ஒரு வளைவில் ஆம்புலன்ஸ் எதிரே ஏறி வந்திருக்கிறது, சிவப்பு லைட் சுற்ற, விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு. இரண்டுக்கும் இடம் போதாது. ஆட்டோ பின்னுக்கு எடுத்து, மண்ணில் ஒதுங்கி நின்றிருக்கிறது. "நான்தான் தம்பி வழி விடச் சொன்னேன். பாவம், யாருக்கோ என்னையவிட முடியல போலன்னு நெனச்சேன்."

யாருக்கு முடியவில்லை என்று விசாரித்தேன். அந்த நாளில் தோட்டத்தில் வேறு ஒருவருக்கும் சுகமில்லாமல் போகவில்லை. டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் ஹட்டனில் ஒரு கடையின் பெயரைச் சொன்னார். அடுத்த விடுமுறையில் அங்கே போய் அப்படி ஒரு வண்டி வந்ததா என்று கேட்டேன். கடைக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது: "ஆமாங்க, தலைவர் வீட்டு சோபா செட்டு. ஸ்ட்ரெச்சரக் கழட்டிட்டு நாங்கதான் ஏத்திக் குடுத்தோம், மழைக்கு முந்திப் போகணும்னு லைட்டையும் போட்டுக்கிட்டுப் போனாங்க."

ஓடாமல் நின்ற வருடங்களில் அந்த ஆம்புலன்ஸ் எங்கே இருக்கிறது என்றாவது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.