திருப்பிக் கேட்ட இத்தாலியப் புத்தகம்

நான் இத்தாலியன் படிக்கலாமா, வேண்டாமா என்பதை எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிவு செய்தார்கள். நான் உள்ளே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், எம்.எஸ்ஸி. முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். என் வாய் எந்தப் பாஷை பேச வேண்டும் என்று சொல்ல மட்டும் எனக்கு வயது போதவில்லை போலிருக்கிறது.

எனக்குப் பார்த்திருந்த பையனுக்கு இத்தாலியில், மிலானில் வேலை. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்துவிட்டு மிலானுக்கே திரும்பியிருந்தான். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து அவன் அம்மா போன் செய்து, "அங்க இங்கிலீஷ் செல்லாதாம். பொண்ணு இப்பவே கத்துண்டா நன்னா இருக்கும்" என்று சொல்லி, பையன் அனுப்பிய தடிப் புத்தகத்தையும் நான்கு கேசட்டுகளையும் கொடுத்தனுப்பினார்.

பெரியப்பாவுக்குச் சந்தேகம். "நிச்சயமே ஆகலை. அதுக்குள்ள படிக்க ஆரம்பிச்சு, நாளைக்குத் தட்டிப்போனா நாலு பேர் என்ன சொல்லுவா?"

"படிக்கலேன்னா நமக்கு இஷ்டமில்லேன்னு நெனச்சுப்பாளே" என்றார் அப்பா. கடைசியில் அப்பா சொன்னதுதான் நடந்தது.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். பத்தே நாளில் பைத்தியம் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். கேசட்டில் ஒருத்தி ரயில் டிக்கெட் கேட்பாள், நானும் கேட்பேன். அவள் தக்காளிக்குப் பேரம் பேசினால் நானும் பேசுவேன். புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதினேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பையனின் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. பாஷைதான் பிடித்திருந்தது. அந்த வீட்டில் எனக்கென்று, வேறு யாருக்கும் புரியாத ஒன்று அதுவரை இருந்ததே இல்லை.

நான்காவது மாதம் போன் வந்தது. பையனுக்கு வேறு இடம் அமைந்துவிட்டதாம். கம்ப்யூட்டர் படித்த பெண்ணாம். அப்பா "பரவாயில்லை, பரவாயில்லை" என்று ரிசீவரிடம் தலையாட்டிக்கொண்டிருந்தார். போனை வைப்பதற்கு முன்னால் அந்த மாமி கேட்டாராம்: "அந்தப் புஸ்தகமும் கேசட்டும் உங்காத்துலதானே இருக்கு? இந்தப் பொண்ணுக்கு வேணும். இங்க எங்கேயும் கிடைக்க மாட்டேங்கறது." அதற்கும் அப்பா "பேஷா" என்றார்.

பேஷா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சண்டை போடவில்லை. அம்மா ஒரு ரப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"உன் எழுத்து அதுல இருக்க வேண்டாம்டி. இன்னொருத்தி கைக்குப் போறது."

எழுபது பக்கம் அழித்தேன். அழிக்கும்போது ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே தெரிந்திருந்தது. மறுநாள் அப்பா புத்தகத்தையும் கேசட்டுகளையும் பிரவுன் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். திரும்பி வந்து, அவர்கள் வீட்டில் காபி நன்றாக இருந்தது என்று சொன்னார்.

ஒரு வாரம் நான் யாரோடும் பேசவில்லை. அப்பாவுக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் காலை, நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "அடையார்ல ஒரு லேடி சாயங்காலத்துல இத்தாலியன் சொல்லித் தராளாம். வேணும்னா போறியா? உன் இஷ்டம்" என்றார்.

அந்தக் கேள்வி முதல் தடவையாக என்னிடம் வந்தது. போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் உடனே தலையாட்டிவிட்டால், அவர் செய்ததை எல்லாம் நான் மன்னித்துவிட்டதாக ஆகிவிடும். அவர் இன்னொரு தடவை கேட்கட்டும், கொஞ்சம் கெஞ்சட்டும் என்று எனக்கு வீம்பு.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

"அதுவும் சரிதான். இனிமே அது எதுக்கு உனக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.