மாவில் பதிந்த காலடி

தொழில் தொடங்கிய இரண்டாவது வாரமே, ஒரு அம்மா பதினைந்து நாளாகக் காத்திருந்த பதிலை மொப்பால் துடைத்துப் போட்டவள் நான். செத்துப்போன கணவர் கோபத்தோடேயே போய்விட்டாரா, இல்லை மனம் ஆறி ஒருமுறை திரும்பி வந்தாரா என்பதுதான் அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அழுக்கு ஒன்றுதான்.

சிங்கப்பூர் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் இருந்த சொற்பக் காசில் வீடு சுத்தம் செய்யும் தொழிலை ஆரம்பித்தேன். எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளிக்கு விற்கும் கடையில் வாங்கிய வாளி, ஒரு மொப்பு, பழைய சட்டைகளைக் கிழித்த துணி. என் மோட்டார் சைக்கிள் கூடைதான் கம்பெனி வண்டி. முதலாளியும் நான், கூலியும் நான். வாய் மட்டும் பெரிய கம்பெனி வாய்.

சிங்கப்பூர் எல்லை தாண்டி எங்கள் பக்கம் இருக்கும் செடெனாக் ஊரில் ஒரு வீடு அது. மகன் சிங்கப்பூரிலிருந்து முதல் நாள் மாலை வாட்சாப்பில் பேசி அனுப்பியிருந்தான்.

"அக்கா, அப்பா தவறிட்டாங்க. நாளைக்குப் பதினாறாம் நாள் சாமி கும்புடுறோம். அம்மா ராத்திரி சின்னம்மா வீட்டுல படுத்துக்குறாங்க. காலையில அவங்க வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க. சாவி பூச்சட்டிக்கு அடியில இருக்கு."

காலை எட்டு மணிக்குப் போனேன். பின்னால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காடு. நல்ல வெயில், ஆனாலும் வீட்டுக்குள் குளிர்ந்து கிடந்தது. நான் எப்போதும் கடைசி அறையில் தொடங்கிப் பின்பக்கமாக நடந்தபடி வாசல்வரை துடைத்து வருவேன். துடைத்த இடத்தை நானே மிதிக்கக் கூடாதல்லவா? ஆகவே சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைத்தான் முதலில் திறந்தேன்.

தரை முழுக்க அரிசி மாவு. நடுவில் ஒரே ஒரு இடது காலடி. அதற்கு முன்னும் பின்னும் வேறு தடமே இல்லை. அதை நான் அப்போது யோசிக்கவேயில்லை.

"கொட்டினது பத்தாதுன்னு மிதிச்சு வேற வச்சிருக்கு, சனியன்!" என்று வாய்விட்டுத் திட்டினேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள், மாவு பரப்பிக் காத்திருக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கூட்டினேன், இரண்டு தடவை துடைத்தேன். தரை பளபளத்தது. எனக்கு ஒரே பெருமை.

கூடத்தில் பிரம்பு நாற்காலி ஒன்று கிடந்தது. பழக்கதோஷம், அதன் பக்கம் மொப்பை நீட்டியபடியே, "காலைக் கொஞ்சம் தூக்கிக்குங்கய்யா" என்றேன். பிரம்பு முனகியது. அடியில் துடைத்தேன். மொப்பை இழுத்ததும் மறுபடி முனகியது, தூக்கிய காலை இறக்கி வைத்ததுபோல. இரண்டடி பின்னால் நகர்ந்த பிறகுதான், வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை என்பது மண்டையில் ஏறியது. நாற்காலி காலியாக இருந்தது.

ஓடியிருப்பேன். ஆனால் ஓடினால் அடுத்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? செபம் சொல்லிக்கொண்டே வாசல்வரை துடைத்து முடித்தேன்.

அப்போது அந்த அம்மா வந்தார். ஈரத்தைக்கூடப் பார்க்காமல் நேரே படுக்கையறைக்குப் போனார். நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, என்னம்மா செஞ்சிட்ட! மாவு பரப்பி வச்சிட்டுப் போனேனேம்மா. சீனி போட்டுத் தேத்தண்ணி குடிச்சாருன்னு திட்டிட்டேன். அதுக்கு ரெண்டு நாள் அவரு மூஞ்சி குடுத்துப் பேசல. மூணாம் நாள் காலையில அவரு எந்திரிக்கல. கோபமாப் போனவங்க திரும்பி வர மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. வந்தாரான்னு பாக்கத்தானே..."

அவர் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தடம் ஏதாச்சும் இருந்துச்சா? ஆறுதலுக்குப் பொய் சொல்லாத."

"ஒரு காலடி இருந்துச்சும்மா."

"எத்தன விரல்?"

இது என்ன கேள்வி! அவரைத் தேற்ற ஐந்து என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் துடைத்த கறை என் கண்ணைவிட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது.

"நாலும்மா. கட்டை விரல் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமில்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இனிப்பு நீர் வியாதி முத்திப்போயி, அந்தக் கட்டை விரலப் போன வருஷம் எடுத்தாங்க," என்றார்.

மறைக்க மனம் வரவில்லை. நாற்காலியிடம் நான் பேசியதையும் சொன்னேன்.

"தூக்கினாரா?"

"தூக்கினாரும்மா."

"நான் சொல்லி ஒரு நாளும் தூக்கினதில்ல அந்த மனுஷன்," என்று சிரித்தார். சிரித்தபடியே அழுதார். கூடத்தில் பிரம்பு மறுபடி முனகியது. நாங்கள் இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.